ஓடித் தேய்வதும் நின்று தேய்வதும்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு நண்பர் சேலத்துக்காரர். மின்சாரக் கார் வாங்கலாம் என்று ஓசூர் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனவர், திரும்பி வந்த கையோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் விலைத்தாள். கூடவே ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா. தாளை மேசைமேல் விரிப்பதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, செல்போன் பேட்டரி ரெண்டு வருஷத்துல படுத்துடுது. இன்வெர்ட்டர் பேட்டரிய நாலு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறோம். வண்டி பேட்டரி மட்டும் எட்டு வருஷம் எப்படிப்பா வரும்?"

விலைத்தாளில் ஏழெட்டு வரிகள். கடைசி வரி, 'பேட்டரி பாதுகாப்புத் திட்டம்'. அதற்கென்று தனியாக ஒரு தொகை. "நம்ம ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்காது சார், இதைப் போட்டுக்கிட்டா நிம்மதி" என்று விற்பனையாளர் சொன்னாராம். அம்மாவின் கேள்வியும் அந்தக் கடைசி வரியும் ஒரே பயத்திலிருந்து வந்தவை. கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் தாளை வாசிப்பது சுலபம் என்பதால், அன்று இரவு பேட்டரியிலிருந்தே தொடங்கினோம்.

இன்வெர்ட்டரில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதன் தகடுகளில், மின்சாரம் இறங்க இறங்க ஈய சல்பேட் படிகிறது; மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைகிறது. அடிக்கடி முழுவதும் இறங்க விட்டாலோ, பாதி சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தாலோ அந்தப் படிவு கெட்டிப்பட்டுவிடும். பிறகு கரையாது. ஒவ்வொரு கோடையிலும் மின்வெட்டில் இறங்கி இறங்கி, மூன்று நான்கு ஆண்டுகளில் அது சாவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இந்த பேட்டரியை வைத்தே ஓடிய ஒரு காரை எங்கள் வட்டாரத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டிப் போனால் கடைசி நிலையம் பொம்மசந்திரா. அங்குள்ள தொழிற்பேட்டையில்தான் சேத்தன் மைனி தொடங்கிய ரேவா நிறுவனம் 2001 முதல் மின்சாரக் கார்களைச் செய்து விற்றது. கைக்கு அடக்கமான குட்டிக் கார். லண்டன் தெருக்களில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. அதன் இருக்கைக்கு அடியில் இருந்தது 48 வோல்ட் ஈய-அமில பேட்டரி அடுக்கு. கார் நன்றாக இருக்கும்போதே பேட்டரி முதுமை அடைந்துவிடும். 2009இல் ரேவா லித்தியத்துக்கு மாறியது; 2010இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. ஆனால் 'பேட்டரி கார்னா மூணு வருஷம்' என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு பழைய வேதியியலின் குறையை இன்றைய கார்களின்மேல் ஏற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி செல்போன். இதில் இருப்பது லித்தியம்-அயனி பேட்டரி. காரில் இருப்பதும் அதே குடும்பம்தான். அப்படியானால் அம்மாவின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

லித்தியம்-அயனி மின்கலத்துக்குள் நடப்பதை, காலையில் சில்க் போர்டு சந்திப்பின் பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் அலுவலகம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளி என்ற திரவத்தைக் கடந்து, எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. கார் ஓடும்போது அதே அயனிகள் வீடு திரும்புகின்றன. ஈய-அமில பேட்டரியில் தகடே கரைந்து கரைந்து மீண்டும் படிகிறது. இங்கே தகடு அப்படியே இருக்கிறது. பயணிகள் மட்டும் போய்வருகிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டால்தான் ஆயுள் பல மடங்கு கூடுகிறது.

ஒருமுறை முழுதாக ஏற்றி முழுதாக இறக்கினால் அது ஒரு சுழற்சி. செல்போனுக்கு தினமும் கிட்டத்தட்ட ஒரு சுழற்சி. ஆண்டுக்கு 300க்கு மேல். காருக்கு? 45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு கார், யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் ஓடும். நண்பர் அலுவலகம் போய்வர தினமும் 40 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு சுழற்சி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு 50 சுழற்சிகள்கூட இல்லை. செல்போன் இரண்டு ஆண்டில் காணும் சுழற்சிகளைக் காண, இந்தக் காருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பொதுவாகக் கம்பெனிகள் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்த 1,60,000 கிலோமீட்டரை 300ஆல் வகுத்தால் வருவது 530 சுழற்சிகள்தான்.

இது போதாதென்று, காரின் பேட்டரியை ஒரு கணினி இரவும் பகலும் கண்காணிக்கிறது. எந்த மின்கலம் சூடாகிறது, எது மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, பெரும்பாலான கார்களில் குளிர்விக்கும் திரவத்தையும் ஓடவிடுகிறது. தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடக்கும் செல்போனுக்கு இந்தக் கவனிப்பு கிடையாது.

ஆக, ஓடி ஓடி பேட்டரி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு, அன்றாடம் அலுவலகம் போய்வரும் ஒருவருக்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஆனால் பேட்டரி தேயவே தேயாது என்று இதற்குப் பொருளும் இல்லை. அது இன்னொரு வழியில் தேய்கிறது. ஓடாமல் நிற்கும்போதுகூடத் தேய்கிறது.

புது இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியும். எண்ணெய் தடவிச் சூடேற்ற, கல்லின்மேல் மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலம் வந்த பிறகுதான் தோசை ஒட்டாமல் வரும். லித்தியம் மின்கலத்தையும் தொழிற்சாலையில் இப்படித்தான் பழக்குகிறார்கள். முதல்முறை சார்ஜ் ஏற்றும்போது மின்பகுளி கிராஃபைட்டின்மேல் சிதைந்து, நானோமீட்டர் கணக்கில் மெல்லிய ஒரு படலமாகப் படிகிறது. இதைக் காப்புப்படலம் என்று சொல்வோம். அது அயனிகளை உள்ளே விடும். மின்பகுளியை மேற்கொண்டு சிதையாமல் தடுக்கும். அது இல்லாவிட்டால் மின்கலம் சில நாளில் செத்துவிடும்.

ஆனால் தடுப்பு முழுமையானது அல்ல. படலம் மிக மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் கொஞ்சம் லித்தியம் செலவாகிறது. கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களில் சிலர் வழியில் இறங்கி, திரும்பி வராமலே போய்விடுவதைப் போல. பயணிகள் குறையக் குறைய ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறைகிறது. இதை நாட்பட்ட தேய்வு என்று அழைக்கலாம். ஏற்றி இறக்குவதால் வரும் சுழற்சித் தேய்விலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார் வாங்கப் போகிறவருக்கு இந்த இரண்டின் வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படலம் தடித்த பிறகு, அதைக் கடந்து போய் மேலும் சிதைவது கடினமாகிறது. அதனால் தேய்வு தொடக்கத்தில் வேகமாக இருந்து பிறகு தணிகிறது. முதல் ஆண்டில் 3 அல்லது 4 சதவீதம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, 'பத்து வருஷத்தில் 40 சதவீதம் போய்விடும்' என்று பெருக்கிப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருக்கல் தவறு. பேட்டரி நேர்கோட்டில் தேய்வதில்லை.

சரி, ஒரு பேட்டரி இருபது ஆண்டு உழைக்கும் என்று யாராவது சொன்னால், அதை இருபது ஆண்டு காத்திருக்காமல் எப்படிச் சொல்ல முடிகிறது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி இது.

கனடாவின் ஹாலிஃபேக்ஸ் நகரில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அயனிகளைத் தலை எண்ணுவதுதான் வழி. சார்ஜ் ஏற்றும்போது எத்தனை பேர் போனார்கள், இறங்கும்போது எத்தனை பேர் திரும்பினார்கள்? ஒரு சுழற்சியில் ஆயிரத்துக்கு 999 பேர் திரும்பினால் மிக நல்ல கணக்கு போலத்தான் தோன்றும். ஆனால் ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம்தான். பத்தாயிரத்துக்கு 9,999 பேர் திரும்பினால் ஆயிரம் சுழற்சிக்குப் பிறகும் 90 சதவீதம் மிஞ்சும். கூட்டு வட்டி தலைகீழாக வேலை செய்வதைப் போல. ஆக, பத்தாயிரத்தில் ஒருவர் தொலைந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுட்பமான கருவி வேண்டும். சாதாரண சார்ஜர்கள் அவ்வளவு துல்லியமாக எண்ணுவதில்லை. 2010 வாக்கில் டான் குழுவினர் அப்படி எண்ணும் சார்ஜர்களைத் தாங்களே வடிவமைத்துக் கட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அறிய வேண்டியதை, சில வாரங்களில் கிடைக்கும் அந்த எண்ணிக்கையிலிருந்து கணிக்க முடிந்தது. எந்த மின்பகுளியில் எந்தச் சேர்மத்தைத் துளி கலந்தால் ஆயுள் கூடும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த முறை பேருதவி செய்தது.

இன்னொரு வழி, சூடேற்றிப் பார்ப்பது. இதை விளக்க அம்மாவே உதாரணமானார்.

சேலத்தில் அவர் இரவு அரைத்து வைக்கும் இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிவிடும். பெங்களூருக்கு டிசம்பரில் வந்தால் அதே மாவு, அதே பாத்திரம், காலையில் அப்படியே கிடக்கும். "இந்த ஊர்ல மாவு எழும்ப மாட்டேங்குது" என்பது அவருடைய வழக்கமான குறை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பாத்திரத்தைத் துணியில் சுற்றி இன்வெர்ட்டர் பெட்டியின்மேல் வைப்பது. பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், மாவு பொங்கிவிடும். மாவில் நடப்பது நுண்ணுயிர்களின் வேலை, பேட்டரியில் நடப்பது வெறும் வேதிவினை. ஆனால் சூடு கூடினால் வேகம் கூடும் என்பது இரண்டுக்கும் பொது. பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு. அதனால் ஆய்வகத்தில் மின்கலங்களை 45, 60 டிகிரி அடுப்புகளில் மாதக்கணக்கில் வைத்து, பல ஆண்டுத் தேய்வைச் சில மாதங்களுக்குள் வரவழைத்துப் பார்க்கிறார்கள்.

இதை உலகமே பார்க்கும்படி ஒரு சோதனை 2012இல் தானாகவே நடந்தது. நிசான் லீஃப் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணமாக இருக்கும் ஃபீனிக்ஸ் நகரில், வாங்கி ஒன்றிரண்டு ஆண்டே ஆன கார்களில் பேட்டரிக் கொள்ளளவைக் காட்டும் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. குளிர்ந்த ஊர்களில் ஓடிய அதே கார்களுக்கு அப்படி ஆகவில்லை. வாடிக்கையாளர்கள் புகார் செய்த பிறகு, கொள்ளளவு குறைந்தாலும் உத்தரவாதம் உண்டு என்று நிசான் அறிவித்தது. பேட்டரியின் எதிரி சூடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சென்னையைவிட நான்கைந்து டிகிரி குறைவு. அம்மாவின் மாவை எழவிடாத அதே குளிர்ச்சி, மகனின் கார் பேட்டரியைக் காக்கும். 'நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது' என்று விற்பனையாளர் சொன்னது, இந்தியப் பெருநகரங்களில் மிகக் குறைவாகப் பொருந்தும் ஊர் பெங்களூர்தான்.

சூட்டுக்கு அடுத்தபடி, நிறைந்த சார்ஜ். பேட்டரி 100 சதவீதத்தில் நிற்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். சிதைவு வினைகளும் அப்போது வேகமாக நடக்கும். பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் காரை 100 வரை ஏற்றி வெயிலில் நிறுத்திவிட்டுப் போவது நல்லதல்ல. அரைவாசி இருப்பில், நிழலில் விட்டுப் போவதே பேட்டரிக்கு நல்லது. அடித்தள பார்க்கிங் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சில்க் போர்டு நெரிசல்? நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போவது பேட்டரியைக் கொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் சிமோனா ஒனோரி, வில்லியம் சூ ஆகியோரின் குழு 92 மின்கலங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதித்து, 2024 டிசம்பரில் 'நேச்சர் எனர்ஜி' இதழில் முடிவை வெளியிட்டது. வழக்கமாக ஆய்வகங்களில் ஒரே சீரான மின்னோட்டத்தில் இறக்குவார்கள். இவர்கள் உண்மையான ஓட்டத்தைப் போல, திடீர் வேகம், பிரேக், ஓய்வு என்று மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார்கள். சீரான ஓட்டத்தில் இருந்தவற்றைவிட இவை 38 சதவீதம் வரை கூடுதலாக உழைத்தன. நெரிசலில் நம் பொறுமை தேய்வது உண்மை. பேட்டரி அப்படித் தேயவில்லை.

ஆய்வகம் இருக்கட்டும், சாலையில் ஓடும் கார்கள் என்ன சொல்கின்றன? ஜியோடேப் என்ற வாகனத் தரவு நிறுவனம் 2020இல் 6,000க்கும் மேற்பட்ட மின்வாகனங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சராசரித் தேய்வு ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்று கண்டது. 2024இல் மறுபடி ஆராய்ந்தபோது 1.8. கூடுதலான 2.3ஐ வைத்துக் கணக்கிட்டாலும், எட்டு ஆண்டு கழித்து 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். நண்பரின் 300 கிலோமீட்டர் 245 ஆகும். அவருடைய அன்றாடத் தேவை 40.

இங்கே நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்று நம் சாலைகளில் ஓடும் டாடா நெக்சான் இவி, எம்ஜி விண்ட்சர், மஹிந்திரா பிஇ 6 ஆகியவற்றில் இருப்பது எல்எஃப்பி வகை பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட். விலை உயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இதில் இல்லை. இரும்பு மலிவு, எங்கும் கிடைப்பது. ஆனால் வெறும் இரும்பு ஆக்சைடை நேர்மின்முனையாக வைத்தால் மின்னழுத்தம் மிகக் குறைவாகவே கிடைத்தது. 1980களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் ஆய்வகத்தில் இந்தச் சிக்கலை அணுகியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, 1985இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அடுத்த ஆண்டு டெக்சாஸுக்கும் போனவர். ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளை வைத்தால், அதே இரும்பிலிருந்து மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட் கூடுகிறது என்று அவரும் குட்இனஃபும் காட்டினார்கள். அந்தப் பாதையில்தான் 1997இல் குட்இனஃபுடன் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோர் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டனர். 2019இல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் கிடைத்தபோது, 97 வயது குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம். நம் பள்ளிப் பாடநூல்களில் அவர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாஸ்பேட்டின் இன்னொரு நன்மை பாதுகாப்பு. மற்ற வகைகளில் மின்கலம் அளவுக்கு மீறிச் சூடானால் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் வெளியேறும். பக்கத்திலேயே எரியக்கூடிய மின்பகுளி. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் கழன்று வராது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஆபத்து குறைவு என்று சொல்லலாம். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் சிக்கி இறந்ததை யாரும் மறக்க முடியாது. அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகே பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

எல்எஃப்பி வாங்கியவர்கள் குழம்பும் ஒரு விஷயம்: 'நிறைக்காதே' என்று ஒருவர் சொல்ல, கையேடோ வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லும். இரண்டுமே சரி. சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அடுப்பின் சுடர் ஒரே மாதிரி எரியும். தீரப்போகும் கடைசி நேரத்தில்தான் தணியும். சுடரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. எல்எஃப்பியின் மின்னழுத்தமும் அப்படியே. 80இலும் 40இலும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் காரின் கணினி, சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து நாளை எண்ணும் இல்லத்தரசியைப் போல, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே இருப்பைக் காட்டுகிறது. நாளாக நாளாகக் கணக்கில் பிழை சேரும். 100 வரை ஏற்றும்போது கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. எனவே கையேடு சொல்லும் இடைவெளியில் நிறையுங்கள். நிறைந்ததும் வண்டியை எடுத்துவிடுங்கள். நிறைத்து நிறுத்தி வைப்பதுதான் கெடுதல்.

இப்போது விலைத்தாள்.

ஒரு காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும், காத்திருக்க முடியாமல் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிப் தட்டுப்பாட்டின்போது டீலர்கள் மின்வாகனங்களுக்குக் கம்பெனி குறித்த விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் ஏற்ற, 2022இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களை எச்சரிக்க வேண்டிவந்தது. இந்தியாவில் எக்ஸ்-ஷோரூம் விலையைக் கம்பெனியே அறிவிக்கிறது. அதை டீலர் தொடுவதில்லை. ஏற்றம் பக்கவாட்டில் வருகிறது. மின்சாரக் காரில் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, சர்வீஸ் வருமானம் குறைவு. அந்த இழப்பை ஈடுகட்ட டீலருக்கு மிஞ்சும் இடம் தாளின் கீழ்வரிகள்தான்.

நண்பரின் தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் போனோம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி. "எல்லாரும் கட்டுறாங்க சார்" என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கார் ஷோரூம்வரை வந்து சேரும் செலவு ஏற்கெனவே எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் இருக்கிறது. எந்தச் சேவைக்கு அந்தத் தொகை என்று எழுதிக் கேளுங்கள். அடுத்து இன்ஷூரன்ஸ். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இலேயே டீலர்களுக்கென்று விதிகள் வகுத்திருக்கிறது. வெளியே விலை விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 1 சதவீதம் 'டிசிஎஸ்' என்று பிடிப்பார்கள். இது டீலரின் வேலை அல்ல, சட்டப்படியான வரிப்பிடித்தம்; வருமானவரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசி வரி, பேட்டரி பாதுகாப்புத் திட்டம். கம்பெனியின் 8 ஆண்டு உத்தரவாதம் ஏற்கெனவே காரோடு வருகிறது. பிஇ 6, ஹாரியர் இவி போன்றவற்றுக்கு முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதமே அறிவித்திருக்கிறார்கள். படலத்தின் கணக்கும் சூட்டின் கணக்கும் அவர்களுடைய பொறியாளர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் அறிவிக்கிறார்கள். அதற்கு மேலே விற்கப்படும் திட்டம் எதைக் கூடுதலாகக் காக்கிறது என்று கேட்டபோது, ஷோரூமில் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றார் நண்பர். பதில் இல்லாத வரிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பேட்டரி பயத்துக்கு நேர்மையாகவே ஒரு விலை போட்ட திட்டமும் உண்டு. 2024 செப்டம்பரில் விண்ட்சர் வந்தபோது, பேட்டரியோடு வாங்கினால் தொடக்க விலை 13.50 லட்சம், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும் என்றார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள சுமார் 3.5 லட்சத்தை 3.50ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்குள் காரை மாற்றுகிறவருக்கு வாடகை சரிப்படலாம். ஒரு லட்சத்தையும் தாண்டி வைத்திருப்பவர், அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பயத்தின் விலையைக் கட்டிக்கொண்டிருப்பார். பேட்டரி அடுக்கின் சராசரி விலை 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் 115 டாலருக்கு வந்துவிட்டது என்று ப்ளூம்பெர்க் ஆய்வு சொல்கிறது. எட்டாண்டு கழித்து மாற்றவே வேண்டி வந்தாலும், இன்றைய விலையை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

தாளில் இல்லாத ஒன்றைத்தான் நண்பர் கேட்டிருக்க வேண்டும்: கார் தயாரான மாதம். பேட்டரி நின்றும் தேயும் என்றால், திறந்தவெளி ஸ்டாக்யார்டில் எட்டு மாதம் வெயில் காய்ந்த காரும் போன மாதம் வந்த காரும் ஒன்றல்ல. உற்பத்தி மாதமும் ஆண்டும் சேஸ் எண்ணிலேயே குறியீடாக இருக்கும். பதிவுச் சான்றிதழிலும் வரும். ஆனால் அது பணம் கட்டிய பிறகு கைக்கு வருவது. நண்பர் மறுநாள் போய்க் கேட்டார். அவருக்கு ஒதுக்கியிருந்த கார் ஏழு மாதம் பழையது. புதிய கார் வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தார். ஹேண்ட்லிங் சார்ஜும் கடைசி வரியும் தாளிலிருந்து போயின.

இன்னொன்றையும் அவர் எழுதி வாங்கினார். நீங்களும் வாங்க வேண்டும். 'பேட்டரிக்கு 8 வருஷம் வாரண்டி' என்ற வாய்ச்சொல்லில் பாதித் தகவல்தான் இருக்கிறது. பேட்டரி முழுதாகச் செத்தால் மட்டும் மாற்றுவார்களா, கொள்ளளவு குறைந்தாலும் மாற்றுவார்களா? குறைந்தால் என்றால் எந்த அளவுக்குக் கீழே? பல கம்பெனிகள் 70 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. அந்த அளவை யார், எந்தக் கருவியில் அளப்பார்கள்? காரை விற்றால் அடுத்தவருக்கு உத்தரவாதம் தொடருமா? வாரண்டிப் புத்தகத்தை ஷோரூமிலேயே கேட்டு வாங்கி, உட்கார்ந்து படியுங்கள். அந்தக் கொள்ளளவுச் சதவீதம் அதில் இல்லையென்றால், அது எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.